ஆறடி மெழுகுதிரியோடு கியூஷூவில் ஏழு நாள்

செப்டம்பர் மாதம். வெளியே வெய்யில் முப்பத்துநாலு பாகை. அப்படிப்பட்ட ஊரில், பனியில் சறுக்கும் பலகை வைக்கிற ஸ்கீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவனைக் கண்டால் மூளையில் ஏதோ பிசகு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஃபுகுவோகா விமான நிலையத்துச் சுங்க அதிகாரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். நல்ல வளர்ப்பில் வந்த பெண், சிரிக்கவில்லை. பையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "ஸ்கீ?" என்று மட்டும் கேட்டார்.

"நோ ஸ்கீ," என்றார் அக்கா.

பையின் சிப்பை இழுத்தார்கள். உள்ளே ஒரு பூப்போட்ட போர்வை, நீளமாகச் சுற்றி, மூன்று இடத்தில் துணி நாடாவால் கட்டியிருந்தது. இது என்ன என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"மை சன்."

அந்தப் பெண் ஓரடி பின்னுக்குப் போனார். பக்கத்து மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்டு, பச்சைக் குழந்தையின் துணியை அவிழ்ப்பது போல மெதுவாகப் போர்வையை விலக்கினார்கள். உள்ளே ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த வெள்ளை மெழுகுதிரி. மோந்தார்கள், தட்டினார்கள், இரண்டு தரம் படம் பிடிக்கும் இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். நாற்பது நிமிஷம் போயிற்று.

"ஏனக்கா உப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"பின்னை என்ன? என்ரை பிள்ளையின்ரை உயரம்தானே," என்றார்.

ஆரம்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கனடாவில், ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். வீடு அஜின்கோர்ட்டில். அக்காவும் அத்தானும் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகன் ஜெறோம் ரொறன்ரோவில் பிறந்தவன். படித்து முடித்த கையோடு ஜப்பானுக்குப் போய் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். நாலு வருஷத்துக்கு முன், கொரோனாவால் நாடுகள் எல்லைகளை மூடியிருந்த நேரம், அவன் நாகசாகியில் நுரையீரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் விழுந்தான். பதினொரு நாள். போனில் குரல் மட்டும் வரும், முகம் காட்ட மாட்டான். இங்கேயிருந்து யாரும் போக வழியில்லை. அப்போதுதான் அக்கா மாதாவுக்கு நேர்ந்தார். பிள்ளை எழும்பினால், அவன் படுத்த ஊரிலேயே, அவனுடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக.

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு இது புதிதில்லை. ஊரில் மன்னார்ப் பக்கமும் தீவுகளிலும் திருநாளுக்குப் போனால், குழந்தையின் உயரத்துக்கு மெழுகுதிரி ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிற தாய்மாரைக் காணலாம். ஆனால் அந்தக் குழந்தைகள் இரண்டடி, இரண்டரை அடி. கனடாவில் பிறந்ததுகள் பாலும் சீஸும் தின்று எவ்வளவுக்கு வளரும் என்பதை அக்கா நேரும்போது யோசிக்கவில்லை.

ஜெறோம் எழும்பினான். எழும்பிய அடுத்த மாதமே நாகசாகியை விட்டு ககோஷிமாவுக்கு வேலை மாறிப் போனான். பிறகு எல்லை திறக்கவில்லை, திறந்தபோது அத்தானுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை, பிறகு அது, பிறகு இது. நாலு வருஷமும் அக்காவுக்கு நிம்மதியில்லை. பெடியன் போனில் ஒருக்கால் இருமினாலும் "நேர்த்தி நிக்குது, தம்பி" என்று எனக்குப் போன் அடிப்பார். அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். எழும்பினவன் தன் கையால்தான் கொளுத்த வேண்டும். கொளுத்துமட்டும் அக்கா மீன் இறைச்சி ஒன்றும் தொடமாட்டார்.

மெழுகுதிரியைச் செய்தவர் ரெக்ஸ்டேலில் குழாய் வேலை செய்கிற ஓர் அண்ணை. பிளாஸ்டிக் குழாய்க்குள் மெழுகை ஊற்றி, ஆறவிட்டு, குழாயை நெடுக அறுத்து எடுத்தார். ஸ்கீ பை யோசனை என்னுடையது. அவ்வளவு நீளமான சாமானை விமானத்தில் ஏற்றுவதென்றால் ஸ்கீ என்று சொல்லித்தான் ஏற்றலாம். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என்னைப் பற்றி நல்ல பெருமையாக இருந்தது. அத்தான் முழங்காலைக் காட்டி வரவில்லை. அவர் கெட்டிக்காரர்.

கியூஷூ, ஜப்பானின் தெற்கே இருக்கிற பெரிய தீவு. சூடான தீவு. மேலே சூரியன், கீழே எரிமலை. ஜெறோம் ஃபுகுவோகாவுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியாம், ஒத்திகை விட்டு வர ஏலாதாம். "மாமா, நீங்கள் ரெண்டு பேரும் ஐலண்டைச் சுத்திப் பாருங்கோ. பிளான் அனுப்பியிருக்கிறன்." கீழே நிறம் நிறமாக ஓர் அட்டவணை. எந்த ரயில், எத்தனையாவது மேடை, எந்தப் பக்கத்து யன்னல் என்பது வரை இருந்தது. அவனுடைய முகம் மட்டும்தான் அதில் இல்லை.

"வேலைப்பிள்ளை. என்ன செய்யிறது?" என்றார் அக்கா. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

ஹோட்டல் அறை எங்கள் குளியலறை அளவு. மெழுகுதிரியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கிடத்தினால்தான் கதவு பூட்டும். இரண்டு தரம் தடக்கி விழுந்தேன். விழுந்ததும் அக்கா எழும்பி லைட்டைப் போட்டு மெழுகுதிரிக்கு ஏதும் ஆயிற்றா என்று பார்த்தார். எனக்கு ஆயிற்றா என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டுப் போர் தொடங்கியது. ஃபுகுவோகா பன்றி எலும்பை நாள்முழுக்கக் காய்ச்சி, அதில் நூடில்ஸ் போட்டுத் தருகிற ஊர். ஆற்றங்கரையோரம் தள்ளுவண்டிக் கடைகள், நல்ல வாசம். நான் ஒரு கோப்பை குடித்தேன். சொர்க்கம். அக்கா பக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்தார். அவருக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லாமல் ஏதாவது வேண்டும் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்காரர் நெடுநேரம் யோசித்து, குனிந்து, ஒரு தட்டில் சோயாக் கட்டி கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் மெல்லிய சருகு சருகாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"உது என்ன, உயிரோடை ஆடுது?"

கருவாட்டுச் சீவல். சூட்டில் ஆடுகிறது. இங்கே தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் இருக்கிறது என்பதை அக்காவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதுவரை அவர் வாழைப்பழமும், சந்திக் கடையில் விற்கிற வெறும் சோற்றுருண்டையும், பெட்டியில் கொண்டுவந்த பருத்தித்துறை வடையுமாகக் காலம் கழித்தார். நான் ஒளித்து ஒளித்து நூடில்ஸ் குடித்தேன்.

வியாழன், கிழக்குக் கரையில் பெப்புவுக்கு ரயில். ஸ்கீ பை வாசலில் இடித்தது, ஆட்களில் இடித்தது. இடி வாங்கிய ஒவ்வொருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு ஸ்டேஷனில் வண்டி நாலு நிமிஷம் பிந்தியது. நடத்துநர் பெட்டிக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து எழும்பி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். பிந்தியதற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறாராம்.

"நாலு நிமிஷத்துக்கு இந்தக் குனிவோ? பகிடிக்கு உப்பிடிச் செய்யிறாங்களோ?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. பனிக்காலத்தில் நான் அரைமணித்தியாலம் பிந்தி வருவேன். ஃபின்ச் அவெனியூவில் உறைந்து நிற்கிற சனம் என்னை ஏசும், நானும் திருப்பி ஏசுவேன். அதோடு கணக்குத் தீர்ந்தது. இந்த மனிதர் குனிந்து குனிந்து எங்கள் தொழிலையே கெடுக்கிறார்.

பெப்புவில் நிலமே கொதிக்கிறது. வீதியோர வடிகானுக்குள்ளிருந்து ஆவி வருகிறது, வீட்டுக் கூரைகளுக்கு நடுவில் ஆவி வருகிறது. நாங்கள் தங்கிய சத்திரத்தில் அடுப்பில்லை. மூங்கில் தட்டில் பூசணி, வற்றாளைக் கிழங்கு, சோளம், முட்டை என்று அடுக்கி, நிலத்திலிருந்து வரும் ஆவியில் இருபது நிமிஷம் வைத்தால் அவிந்துவிடும். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா அந்த வற்றாளையில் பெட்டியிலிருந்த மிளகாய்த்தூளையும் உப்பையும் தூவி மூன்று தட்டுச் சாப்பிட்டார். மூன்று நாளில் முதல் தரமாகச் சிரித்தார்.

அங்கே வெந்நீர்க் குளியல் பிரசித்தம். ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். நான் போனேன். முன்பின் தெரியாத கிழவர்கள் ஒன்பது பேருக்கு நடுவில், தலையில் மடித்த சின்னத் துவாயோடு, அவிகிற முட்டை போல இருந்தேன். ஒருவர் கையால் சறுக்குவது போலக் காட்டி ஏதோ கேட்டார். என்னைப் பையோடு பார்த்திருக்கிறார். பனி எங்கே என்று கேட்கிறார். ஒன்பது பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இனிமேல் என் பிழையைச் சொல்ல வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்ததுமே சத்திரத்து ஆள், பையைச் சாமான் அறையில் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தார். தடக்கி விழுந்து தோலுரிந்த முழங்காலை நினைத்துக்கொண்டு, ஓம் ஓம், கொண்டுபோங்கள் என்று தலையாட்டிவிட்டேன். அக்கா மட்டும், "பாத்துத் தம்பி, சாய்ச்சு வைக்கச் சொல்லு," என்றார். சாய்த்துத்தான் வைத்தார்கள். அந்த அறையின் தரைக்குக் கீழே ஆவிக்குழாய் ஓடியது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறுங்காலோடு அந்த வீட்டில் நடக்க முடியாமல் துள்ளித் துள்ளித்தானே நடந்தேன்.

விடிய எடுக்கப் போனபோது பை மூலையில் குந்தியிருந்தது. வேறு சொல் இல்லை. கால் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, அலுத்துப்போன ஆள் போல. அக்கா சிப்பைத் திறந்தார். மெழுகுதிரி இடுப்பளவில் மடிந்திருந்தது. திரி உள்ளே இருந்ததால் அறவில்லை. அக்கா மடிந்த இடத்தை விரலால் தடவினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சத்திரத்து ஆள் நிலத்தில் நெற்றி முட்டக் குனிந்தார். அக்கா அவரைத் தூக்கி நிறுத்தி, "நோ, நோ. மை பிரதர்," என்று என்னைச் சுட்டிக் காட்டினார்.

தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கே குமமோட்டோவுக்குப் போனோம். வழியில் அசோ எரிமலை, பச்சைப் புல்வெளி, மாடுகள். ஜெறோமின் அட்டவணை இடப்பக்க யன்னலைப் பார் என்று சொல்லியிருந்தது. அக்கா இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, மடியில் செபமாலை உருட்டினார். குமமோட்டோவில் பெரிய கோட்டை. நிலநடுக்கத்தில் சரிந்த மதிற்கல்லை ஒவ்வொன்றாக இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்ப வைப்பார்களாம். அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்தது. மலையளவு கல்லை இவன் நிமிர்த்துகிறான், ஒரு மெழுகுதிரியை நான் நிமிர்த்த மாட்டேனா?

ஹோட்டலில் குளியல் தொட்டிக்குள் சுடுதண்ணீர் நிரப்பினேன். மெழுகை இளக்கி, மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த நீர் ஊற்றி இறுக்குவது என் திட்டம். ஆனால் ஜப்பான் ஹோட்டல் தொட்டி நாலடி. மனிதன் குந்தியிருந்து குளிக்கிற தொட்டி. ஆறடிச் சாமானை உள்ளே விட்டால் ஒரு பக்கம் வெளியே நிற்கும். இடுப்பை இளக்கப் போனேன், பாரத்தில் முழங்கால் மடிந்தது. முழங்காலைத் தூக்கினேன், கழுத்துச் சரிந்தது. ஒன்றைப் பிடிக்க மற்றது போகிறது. கடைசியில் பயந்துபோய்க் குளிர்நீரைத் திறந்துவிட்டேன். அப்படியே இறுகிவிட்டது.

கதவடியில் அக்கா நின்றார்.

"ஆர் உன்னைக் கேட்டது?"

"நிமித்துவம் எண்டு பாத்தன்."

"இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓடினதோடை நில். என்ரை பிள்ளையிலை கை வைக்காதை."

அதன் பிறகு ககோஷிமா போகுமட்டும் அக்கா என்னோடு கதைக்கவில்லை. புதிதாக ஒன்று செய்ய நேரமில்லை, அந்த நீளத்துக்கு அங்கே விற்பாருமில்லை. அவர் மெழுகுதிரியைத் துடைத்து, மடிந்த வாக்கிலேயே போர்வையால் சுற்றி, பையில் வைத்தார். பை பாதியாகக் குறுகிவிட்டது. முதல் தடவையாக ரயில் வாசலில் இடிக்காமல் ஏறினோம். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ககோஷிமா, தீவின் தென்கோடி. எதிரே கடலுக்குள் சகுராஜிமா எரிமலை புகைத்துக்கொண்டே நிற்கிறது. சாம்பல் மழை பெய்கிறது, சனம் குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறது. காரைத் துடைக்கிறார்கள், திரும்பப் பெய்கிறது, திரும்பத் துடைக்கிறார்கள். நாங்கள் பனி அள்ளுவது போலத்தான். ஆனால் இவர்கள் அள்ளும்போது ஒரு கெட்ட வார்த்தை கேட்கவில்லை.

சனி பின்னேரமும் ஜெறோம் வரவில்லை. மைதானத்துக்குக் கோடு போடுகிறானாம், பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாமாம். அக்கா போனைக் கையில் வைத்து அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்குப் பொறுமை முடிந்தது. ஏழு கடல் தாண்டி வந்த தாயைவிடச் சுண்ணாம்புக் கோடு பெரிதா?

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போவம்," என்றேன்.

"அவன் வர வேண்டாம் எண்டவன்."

"அதுக்குத்தான் போவம்."

ஞாயிறு விடிய பஸ் எடுத்தோம். பின் வாசலால் ஏறி, இலக்கத் துண்டு எடுத்து, இறங்கும்போது முன்னால் காசு போடுவது. சாரதிக்கு வெள்ளைக் கையுறை. ஒவ்வொரு திருப்பத்திலும் மைக்கில் சொல்கிறார். இப்போது வலப்பக்கம் திரும்புகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நிறுத்துகிறேன், நின்ற பிறகு எழும்புங்கள். நான் ஓட்டுகிற பஸ்ஸில் இப்படிச் சொன்னால் எனக்கு ஏதோ மூளை வருத்தம் என்று ஆளைக் கூப்பிடுவார்கள்.

பள்ளிக்கூட மைதானம் முழுக்கப் பிள்ளைகள், தொப்பி, கொடி, பாட்டு. தகப்பன்மார் பாய் விரித்து இடம் பிடித்திருந்தார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். ஆசிரியர்களின் அஞ்சல் ஓட்டம் தொடங்கியது. மூன்றாவது ஆளாகக் கோல் வாங்கியவன் எல்லாரையும்விட ஒரு முழம் உயரம்.

"ஜெறோம்!" என்றார் அக்கா. கத்தவில்லை, தனக்குத்தானே சொன்னார்.

அவன் ஓடினான். கால்கள் நீளம், ஓட்டம் நல்ல ஓட்டம். பிள்ளைகள் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூவின. அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனுடைய கால்களை அல்ல, நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடி முடித்தவன் குனிந்து, முழங்காலில் கை வைத்து, மூச்சு வாங்கினான். அவன் நிமிருமட்டும் அக்காவும் மூச்சு விடவில்லை. நிமிர்ந்து பிள்ளைகளோடு சிரித்தான். எனக்கும் கண் கலங்கியது, சாம்பல் என்று சொல்லித் துடைத்தேன்.

பின்னேரம் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் இருந்தோம். ஜெறோம் தாயைக் கட்டிப் பிடித்தான், சிரித்தான், அக்காவுக்காகச் சமையல்காரரிடம் பேசி மீன் படாத சாப்பாடு எடுத்துத் தந்தான். எல்லாம் நல்லாகப் போனது. அக்கா மெல்லத் தொடங்கினார்.

"நாளைக்கு உனக்கு லீவுதானே, அப்பன். நாகசாகிக்கு விடிய வெளிக்கிட்டமெண்டால்..."

"அம்மா, நான் வரேல்லை."

"ஒரு நாள்தானே."

"ஐ காண்ட், அம்மா. நீங்கள் போங்கோ. மாமா கொளுத்தட்டும். அந்த ஊருக்கு நான் திரும்பிப் போக மாட்டன்."

"உனக்கு மாதாவிலை நம்பிக்கை இல்லையெண்டால் பரவாயில்லை..."

"நம்பிக்கை இல்லை எண்டு ஆர் சொன்னது?" என்றான். அவனுடைய கை மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பியது. "அங்கை ரயில் வந்து நிக்கிற சத்தத்தை நினைச்சாலே எனக்கு மூச்சு முட்டுது. பிளீஸ். கேக்காதையுங்கோ."

பனிச்சறுக்குப் பைக்குள் ஒரு மெழுகுதிரியை உலகத்தின் மறுபக்கம் வரை இழுத்து, அதை அவித்து, மடித்து, தோலுரிந்து வந்தவன் நான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்லாகக் கொடுத்தேன். உன் அம்மா ஆறு நாளாகச் சோற்றுருண்டை தின்கிறா, உனக்குச் சும்மா ஒரு பயம் பெரிதாய்ப் போயிற்றோ என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜெறோம் எழும்பி, எங்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தந்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனான். தாய்க்கு அந்நியன் போலக் குனிகிறான், பாருங்கள்.

திங்கள், நாகசாகி. எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த, அணுகுண்டு விழுந்த ஊர். நேரில் பார்த்தால் கடலைச் சுற்றி மலை, மலை முழுக்க வீடு, வீட்டுக்கெல்லாம் படி. ட்ராம் வண்டியால் இறங்கி, மடிந்த மெழுகுதிரியைத் தோளில் வைத்துக்கொண்டு எண்ணற்ற படி ஏறினேன். அக்கா பின்னால் செபம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டடம் கீழே தெரிந்தது. அதற்கு ஆகக் கிட்டவாக இருந்த மாதா கோயில் மரத்தால் கட்டிய சின்னக் கோயில்.

ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்துக் காட்டிய போனைப் பார்த்து வாசித்தார், திருப்பிப் பதில் சொன்னார். உள்ளே மரம், நெருப்புக் கொளுத்த முடியாது, மன்னிக்க வேண்டும். முற்றத்தில் கொளுத்தலாம். மெழுகுதிரி எங்கே?

போர்வையை அவிழ்த்தேன். அது நிற்காது. மதிலோரம் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கு கிடந்தது, அதில் கிடத்தினேன். மடிந்த பக்கத்தை மதிலைப் பார்க்க வைத்தால்தான் உருண்டு விழாமல் இருந்தது. அந்த அம்மா இது யாருக்காக என்று கேட்டார்.

"மை சன்," என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

அந்த அம்மா பின்னுக்குப் போகவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன மெத்தையைக் கொண்டுவந்து, திரி இருந்த பக்கத்துக்குக் கீழே, தலைக்கு வைப்பது போல வைத்தார்.

அவரிடமிருந்து தீப்பெட்டி என் கைக்கு வந்தது. நான் கொளுத்த வேண்டும். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கொளுத்து என்றும் சொல்லவில்லை. "இவ்வளவு தூரம் வந்து..." என்று மட்டும் சொன்னார். அரைமணி அப்படியே போயிற்று. எனக்குத் தலை வெடித்தது. எழும்பினவன்தான் கொளுத்த வேண்டும் என்ற சட்டத்தை யார் போட்டது? இவர்தானே போட்டார், இவரே எடுக்கலாமே?

படியில் காலடி கேட்டது. ஜெறோம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றான். ஓட்டத்தில் வாங்கியதைவிடப் பலமாக இங்கே மூச்சு வாங்கினான். அடுத்த ரயிலில் வந்திருக்கிறான்.

அவன் வாங்கைப் பார்த்தான். "மாமா, இதுக்கு என்ன நடந்தது?"

"என்ன நடந்ததோ? அவிஞ்சது, மடிஞ்சது, நான் நிமித்தப் போய் இன்னும் மடிஞ்சது. போதுமோ?"

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். கிட்ட வந்தான். மடிந்த முழங்கால், மடிந்த இடுப்பு, உள்ளுக்குக் குனிந்த கழுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மா," என்றான், "நான் இப்பிடித்தான் கிடந்தனான்."

அக்கா வாங்கின் பக்கத்தில் குந்தினார்.

"குப்புறப் படு எண்டவங்கள். ஏலாது. இப்பிடி மடங்கினால்தான் கொஞ்சம் மூச்சு வரும். பதினொரு நாளும் இப்பிடித்தான். அதாலைதான் வீடியோ போடேல்லை. நீங்கள் பாக்கக் கூடாது எண்டு."

நாலு வருஷம் அக்கா கேட்காமல் வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு கிடந்தனீ?"

"சுவர்ப் பக்கம். வேறை ஒண்டும் இல்லை அங்கை. சுவர்தான்."

அக்கா எழும்பினார். வாங்கின் ஒரு நுனியைத் தானே இழுத்து மதிலிலிருந்து விலக்கினார். நான் மறு நுனியைப் பிடித்தேன். மதிலுக்கும் வாங்குக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடைவெளி வந்ததும் உள்ளே நுழைந்து, முதுகை மதிலில் சாய்த்து, நிலத்தில் இருந்தார். மெழுகுதிரியின் குனிந்த கழுத்துக்கு நேரே அவருடைய முகம் இருந்தது. கையை நீட்டி அதன் மேல் வைத்தார்.

"பிந்திப் போனன், அப்பன்," என்றார்.

ஜெறோம் என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கினான். இரண்டு குச்சி காற்றில் அணைந்தது. ஏழு நாளாக நான் ஏசாத நேரமில்லாத அந்தப் பையைத் தூக்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, சுடர் பிடிக்குமட்டும் கடல் பக்கத்துக்கு மறைப்பாக நின்றேன்.